மேடையேறிய டென்னசிக் கால்கள்

நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள், நீங்களாவது நம்புங்கள். ஸ்கொட்லாந்திலிருந்து அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரில் குடியேறி, அங்கிருந்தும் புறப்பட்டு அமெரிக்க மலைகளுக்குப் போன ஸ்கொட்ஸ்-ஐரிஷ் மக்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய பிடிலும் காலடி ஆட்டமும் அமெரிக்க இசைக்குள் ஊறிய விதத்தை நூலாசிரியர் மிகுந்த கண்ணியத்துடன் விளக்குகிறார். எனக்கோ சலங்கை கட்டிய டேவின் கால்களே தெரிந்தன.

டேவ், அப்டன் பார்க்கில் எங்கள் பலசரக்குக் கடைக்கு மேலே குடியிருந்த டென்னசிக்காரர். எங்கள் கருவாட்டு வாசனையையும் மீறி அவருடைய புகையிலை மணக்கும். மாலையில் அவர் சப்பாத்துக் காலால் தட்டித் தன் ஊர் ஆட்டம் ஆடினால் கடையின் கூரை அதிரும். யாரைக் கண்டாலும் ஊர் எதுவென்று கேட்காமல் அப்பாவுக்குச் செரிக்காது, டேவிடமும் கேட்டார். டென்னசி, அதற்கு முன் அல்ஸ்டர், அதற்கும் முன் ஸ்கொட்லாந்து என்று பதில் வந்தது. அப்பா உருகிப்போனார்.

“இஞ்சரப்பா, பாவம், ரெண்டு தரம் இடம்பெயர்ந்த சனம்.”

“எப்ப?” என்றார் அம்மா.

“ஒரு முந்நூறு வருசமிருக்கும்.”

“அதுக்கு இப்பவோ சோறு குடுக்கிறியள்?”

கொடுத்தார். பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு மண்டபத்தில் நடந்த எங்கள் ஊர் ஒன்றுகூடலுக்கும் அழைத்துவந்தார். பத்து வயதில் என் முதல் வயலின் நிகழ்ச்சி அன்றுதான். வீட்டார் காதுகளை வருடம் முழுவதும் வருத்திப் பயின்ற ஒரே கீர்த்தனை. மிருதங்கம் வாசிக்க வேண்டியவரோ ரயில் ஓடாமல் எங்கோ நின்றுவிட்டார். தாளமில்லாமல் பிள்ளை தடுமாறும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் ஊர்ச் சங்கச் செயலாளர். நான் வில்லை மட்டும் விடவில்லை.

“எங்கட டேவ் காலாலயே மிருதங்கம் வாசிப்பார்,” என்றார் அப்பா.

“சப்பாத்தோட மேடையில ஏறேலாது, அண்ணை. பிள்ளையார் இருக்கிறார்,” என்றார் செயலாளர்.

“கழட்டினாச் சத்தம் வராதே!”

“அப்ப சலங்கையைக் கட்டிவிடுங்கோவன்,” என்று பகிடியாகச் சொன்னார் நடன ரீச்சர். அப்பா பகிடியாக எடுக்கவில்லை.

ஜீன்ஸை முழங்கால்வரை மடித்துக்கொண்டு டேவ் மேடையேறினார். ஆதி தாளத்தில் தொடங்கினேன். முதல் வரியில் அவருடைய கால்கள் மரியாதை காத்தன. இரண்டாவதில் மலைகளை நினைத்துக்கொண்டன. வேகம் ஏறியது, நானும் ஏறினேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மாமிமார் கணக்குத் தவறி, கைதட்டத் தொடங்கினர். கீர்த்தனை உரிய நேரத்தின் பாதியிலேயே முழுவதுமாக முடிந்துவிட்டது, ஒரு சுரமும் பிசகாமல்.

“இது என்ன பாணி?” என்றார் செயலாளர், வியர்வையைத் துடைத்தபடி.

“அல்ஸ்டர் பாணி,” என்றார் அப்பா, தஞ்சாவூர் பாணி என்பதைப்போல.

டேவ் டென்னசிக்குத் திரும்பிவிட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது முடி வெட்டுகிறார்கள். ஒன்றுகூடல் தொடர்ந்து நடக்கிறது. மிருதங்கம் மட்டும் கைபேசியிலிருந்து ஒலிக்கிறது. அது ரயிலில் மாட்டிக்கொள்வதில்லை, வேகம் கூட்டுவதுமில்லை. ஆள் வரவில்லையென்று சபைக்குள் ஆள் தேடி ஓட வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.