கோணல் விரிப்பும் நிதாயும்

நம் தீவின் துறைமுக ஊரான மகூசாவில், கோட்டைக்குள் இருக்கும் பெரிய பள்ளிவாசலைக் கட்டியவர்கள் அதைப் பள்ளிவாசலாகக் கட்டவில்லை. பிரெஞ்சு வம்சத்து அரசர்கள் முடிசூடிக்கொள்ள எழுப்பிய தேவாலயம் அது. பிறகு ஒட்டோமான் பீரங்கிகள் வந்து கோபுரங்களின் உச்சியைச் சீவின. சிலைகள் போயின. சுவர்களுக்குச் சுண்ணாம்பு வந்தது. ஒரு கோபுரத்தின் தோளில் மினாரா முளைத்தது. வென்றவர்களால் எல்லாவற்றையும் மாற்ற முடிந்தது, கட்டடத்தைத் திருப்பி வைக்க மட்டும் முடியவில்லை. கட்டடம் கிழக்கே பார்த்தது. மக்காவோ தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே விலகி இருந்தது. ஆகவே தென்சுவரில் தொழுகைத் திசை காட்டும் மாடம் ஒன்றைக் குடைந்து, தொழுகை விரிப்புகளைத் தூண்களுக்குக் குறுக்கே கோணலாகப் போட்டார்கள். நானூறு வருடமாக அப்படித்தான்.

கடைசி இருபத்தோரு வருடமாக அந்தக் கோணலுக்குக் காவலர் நிதாய்.

நிதாய் பிறவியிலேயே பக்திமான் இல்லை. தெற்கே பாஃப் என்ற ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர். போரில் தீவு தெற்கு வடக்காகப் பிளந்து, துருக்கியர் எல்லாரும் வடக்கே போக நேர்ந்த எழுபத்தைந்தில், மனைவி பெம்பேயையும் ஒரு மெத்தையையும் தூக்கிக்கொண்டு வடக்கே வந்தார். வந்தவர்களுக்கு வேலை பிரித்துக்கொடுத்த அலுவலகத்தில் பஸ் இல்லை, பள்ளிவாசல்தான் இருந்தது. கூடவே பின்சுவரை ஒட்டி இரண்டு அறை வீடும் இருந்தது. "கண்டக்டர்னா கூட்டத்தை வரிசையில நிக்க வெக்கத் தெரியும்ல?" என்று கேட்டார்களாம். கூட்டம் எங்கே வந்தது? வெள்ளிக்கிழமைகளில் முப்பது பேர். மற்ற நாட்களில் இமாமும் நிதாயும் புறாக்களும். மாலையானால் துறைமுகத்துக் கடையில் வறுத்த ஹெல்லிம் பாலாடைக்கட்டியோடு ஒரு பியர். மகூசாவில் இதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை.

வெள்ளைக்காரப் பயணிகள் வந்து, இது தேவாலயமா பள்ளிவாசலா என்று கேட்பார்கள். நிதாய்க்கு ஒரே பதில்தான்: "வீடு ஒண்ணுதான். குடியிருக்கிறவங்க மாறிட்டாங்க. செருப்பைக் கழட்டுங்க."

அவருக்குத் தெரிந்த மார்க்கமெல்லாம் ஒரு நைலான் கயிறு. விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்துத் திரும்பப் போடும்போது, மூன்றாம் தூணில் இருக்கும் ஒரு கீறலிலிருந்து எதிர்ச்சுவரின் ஆணிக்குக் கயிற்றைக் கட்டுவார். அந்தக் கயிற்றின் மேல் முதல் வரிசை, அதற்குப் பின்னால் மற்றவை. துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமி ஒருவர் திசைகாட்டியோடு வந்து சரிபார்த்து, "கப்பலே ஓட்டலாம்யா இதை வெச்சு" என்று சொன்னதை வருடத்துக்கு நாலு தடவையாவது நினைவுகூர்வார்.

தொண்ணூற்றாறு வசந்தத்தில் தாய்நாட்டிலிருந்து அன்பளிப்பு வந்தது. நம் தீவில் 'தாய்நாடு' என்றால் கடலுக்கு அப்பால் இருக்கும் துருக்கி. தாய் எதைக் கொடுத்தாலும் குழந்தை 'போதும்' என்று சொல்லக் கூடாது. இந்த முறை சிவப்புக் கம்பளம், தொழுகை வரிசைகளெல்லாம் கோடுகளாக உள்ளேயே நெய்யப்பட்டு. நெய்தவர்கள் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்தார்கள், மாடம் இருக்கும் சுவரைப் பார்த்தார்கள், அதற்கு இணையாகக் கோடு போட்டார்கள். அவர்கள் ஊரில் பள்ளிவாசலைப் பள்ளிவாசலாகத்தான் கட்டுவார்கள், சுவரே மக்காவைப் பார்த்து நிற்கும். திருட்டு வீட்டில் குடியேறிய அனுபவம் அவர்களுக்கு இல்லை.

கம்பளத்தோடு, பள்ளிவாசல்களை நிர்வகிக்கும் அலுவலகத்தின் அதிகாரி துன்ஜெரும் வந்தார், மரியாதைக்கு 'பே' சேர்த்துத் துன்ஜெர் பே. குழைவாக இருந்தால் 'நிதாய் அண்ணே' என்பார், கோபமென்றால் வெறும் 'நிதாய்'.

"நிதாய் அண்ணே, வெள்ளிக்கிழமை அமைச்சர் வர்றாரு, டிவி வருது. சுவரோட ஒட்டி நேரா விரிங்க. அந்தப் பழைய கோணல் பாக்கவே சகிக்கல."

"நேரா விரிச்சா தொழுகை எகிப்துக்குப் போகும், பே. மக்கா இன்னும் இருபத்திரண்டு டிகிரி இந்தப் பக்கம்."

"இமாமைக் கேளுங்க."

எல்லாரும் 'ஹோஜா' என்று அழைக்கும் இமாம் ரெஜாயி தொண்டையைச் செருமினார். "நாற்பத்தஞ்சு டிகிரி வரைக்கும் விலகினாலும் தொழுகை கூடும்னு அறிஞர்கள் சொல்லியிருக்காங்க..."

"தெரியாம விலகினா கூடும் ஹோஜா. தெரிஞ்சே விலகினா?"

இமாம் புறாக்களைப் பார்த்தார்.

"நிதாய்!" என்றார் துன்ஜெர் பே. "அந்தப் பின்பக்கத்து வீடு அலுவலகத்தோடது. ஞாபகமிருக்கட்டும்."

கம்பளம் நேராக விரிக்கப்பட்டது. வீட்டில் பெம்பே அவரை விடவில்லை.

"சாயங்காலம் ஆனா பியர் குடிக்கிற மனுஷன். உனக்கென்ன மக்கா மேல திடீர் அக்கறை?"

"மக்காவுக்காக இல்லடி. முப்பது பேரு என் கயித்தை நம்பி நிக்கிறாங்க."

"நம்பினவங்க உனக்கு வீடு தருவாங்களா? பாஃபுல ஒரு வீட்டை விட்டுட்டு ஓடி வந்தோம். இன்னொரு தடவை அந்த மெத்தையை என்னால தூக்க முடியாது, சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் பிழை இல்லை.

வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்தார். பரிவாரம் நெய்த கோட்டின் மேல் அணிவகுத்தது. வாழ்நாளில் கடைசியாக எப்போது தொழுதார்கள் என்று யோசித்தபடி ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். வழக்கமான முப்பது பேர் வலப்பக்கம் தயங்கி நின்றார்கள். கால்கள் ஒரு பக்கம் போகச் சொல்லின, கோடு வேறு பக்கம் சொன்னது. எல்லார் கண்களும் நிதாயைத் தேடின.

நிதாய் கதவருகே நின்றிருந்தார். அங்கேயே நின்றிருக்கலாம். பிறகு மெல்ல நடந்து முன்வரிசைக்குப் போனார். மூன்றாம் தூணை ஒருமுறை பார்த்தார். கோட்டை மிதித்துக்கொண்டு இருபத்திரண்டு டிகிரி திரும்பி நின்றார்.

முப்பது பேரும் அவரை ஒட்டித் திரும்பினார்கள்.

தீவு முழுக்க நேரலையில் பார்த்தது. ஒரே கம்பளத்தில் இரண்டு ஜமாஅத். இரண்டும் சந்திக்கும் இடத்தில், நெற்றியைத் தரையில் வைக்கும் நேரத்தில், அமைச்சரின் செயலாளரும் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ஒருவரும் 'டொக்' என்று முட்டிக்கொண்டார்கள். சுங்க அதிகாரி தலையைத் தூக்காமலே முனகியது ஒலிவாங்கியில் விழுந்தது: "கொஞ்சம் தள்ளுப்பா, எகிப்து அந்தப் பக்கம்."

மறுநாள் அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. 'எகிப்தைப் பார்த்தா தொழ வெக்கிறீங்க?' என்று பத்து வருடமாகத் தொழாதவர்கள்தான் அதிகம் கோபப்பட்டார்கள். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது: அலுவலகத்தின் தீவிர ஆய்வில் இருபத்திரண்டு டிகிரி விலகல் கண்டறியப்பட்டுள்ளது, கம்பளம் வெட்டித் திருத்தப்படும். நிதாய்க்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. கோணம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், 'திருத்தப் பணி முழுமையாக முடியும்வரை' அவர் நீடிப்பார். முடிந்த நாளில் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்வார்.

பெம்பே கடிதத்தைப் படிக்கக் கேட்டுவிட்டு மெத்தையைப் பார்த்தாள். நிதாய் அதை இரண்டாம் முறை படித்தார். பிறகு கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தார், அவசரமில்லை என்று சொல்லி.

ஒரு நாளைக்கு ஒரு சாண் வெட்டுகிறார். வெட்டிய ஓரத்தைக் கையால் தைக்கிறார். மழை நாளில் கம்பளம் ஈரம் ஏறி விரிகிறது, அளவு தப்பும் என்று வெட்டுவதில்லை. வெயில் நாளில் சுருங்குகிறது என்று வெட்டுவதில்லை. துன்ஜெர் பே மாதம் ஒருமுறை வந்து, "நிதாய் அண்ணே, எப்ப முடியும்?" என்று கேட்கிறார்.

"தொழுகை விஷயம், பே. அவசரப்பட்டா மறுபடி எகிப்துதான்."

இது பதினான்காம் மாதம். நாலாவது வரிசையில் இருக்கிறார். மொத்தம் நாற்பத்தாறு.