இழுத்தால் மேலே

இராயபுரத்து அருள்நாதனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். 'ஆப்பரேட்டர்' என்று கூப்பிட வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். கன்டெய்னர் தூக்கும் புதுக் கிரேன்கள் வந்ததும் விருப்ப ஓய்வு என்று சொல்லி, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விருப்பம் யாருடையது என்று அவரைக் கேட்கவில்லை. அவருடைய பழைய கிரேனை வெட்டி எடைக்குப் போட்ட அன்று, அதன் லீவரை மட்டும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு தெருப் பிள்ளைகள் அவரைத் 'தாத்தா' என்றார்கள். அந்தச் சொல் அவருக்கு வேப்பங்காய்.

2003இல் மாதா கோயில் திருவிழாவுக்கு வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா என்று பங்குக் கமிட்டியில் பேச்சு வந்தது. அருள்நாதன் எழுந்தார்.

"வாடகை இன்னாத்துக்கு? கிரேன் ஓட்னவன் நானு கீறேன். செஞ்சி தர்றேன்."

பர்மா பஜாரில் டிவி கேம் விற்கும் அவருடைய மச்சான் நெல்சன் சிரித்துவிட்டான். "மாமா, அது மூட்ட தூக்கற வேல இல்ல."

அந்தச் சிரிப்புதான் வினையானது. பெட்டி ஓடினால் தெரு மறுபடி 'ஆப்பரேட்டர்' என்று கூப்பிடும். ஓடாவிட்டால் சாகும்வரை தாத்தாதான். அருள்நாதன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

வீட்டின் நடுக்கூடத்தில் பிளைவுட் பெட்டி பீரோ உயரத்துக்கு எழும்பியது. மனைவி இருதயம்மாள் சீரியல் பார்க்கும் டிவி அதற்குள் போய்விட்டது. நெல்சனின் கடையில் வாங்கிய டிவி கேமைப் பிரித்து, சுடுவதற்கு வீட்டு வாசல் காலிங் பெல்லின் சுவிட்சை வைத்தார். வந்தவர்கள் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்குக் கிரேனின் அதே மஞ்சள் பெயின்ட். நெற்றியில் 'ஆப்பரேட்டர் அருள்நாதன்' என்று கொட்டை எழுத்து. பழக்கதோஷத்தில், பக்கவாட்டில் 'மூன்று டன்னுக்கு மேல் ஏற்றாதே' என்றும் எழுதிவிட்டார். நடுவில், ராஜா மாதிரி, அந்த லீவர்.

விளையாட்டு எளிது. விமானம் பறக்கும், எதிரே வருவதைச் சுட வேண்டும், மலை வந்தால் மேலே ஏற்ற வேண்டும். அருள்நாதன் ஏற்றினார், இறக்கினார், ஒரு மலையிலும் மோதவில்லை. தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

திருவிழாத் திடலில் பெட்டியை வைத்ததும் கூட்டம் முண்டியது. முதலில் வந்தவன் லீவரை மேல்நோக்கித் தள்ளினான். விமானம் குப்புற விழுந்தது. அடுத்தவனுக்கும் அதே கதி. கிரேனில் இழுத்தால் கொக்கி மேலே போகும், தள்ளினால் கீழே இறங்கும். அருள்நாதனின் கைக்குத் தெரிந்த உலகம் அது ஒன்றுதான். அப்படியே ஒயர் கொடுத்திருந்தார்.

"மாமா, மேல கீழ மாறிக்கீது. ரெண்டு ஒயர மாத்துனா சரியாப்பூடும்" என்றான் நெல்சன்.

"பொட்டி கரெக்டாதான் கீது. ஜனங்கதான் தப்பா தள்ளுது."

சொன்னதோடு விட்டாரா? வரிசையில் நின்றவர்களுக்கு லீவர் பிடிக்கும் முறையைப் பற்றிப் பாடம் எடுத்தார். சாமியாரின் பிரசங்கமே அதைவிடச் சின்னது. பிள்ளைகள் ராட்டினத்துக்கு ஓடிவிட்டார்கள். மனிதர் தனியாக நின்று, தானே ஆடி, தானே "சபாஷ்" சொல்லிக்கொண்டிருந்தார். இருதயம்மாள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சப்பரம் தூக்க அவர் போன நேரத்தில் அவள் தம்பியைக் கூப்பிட்டாள். "எந்த ரெண்டு ஒயருடா?" நெல்சன் காட்டினான். அவளே மாற்றினாள்.

அருள்நாதன் திரும்பி வந்தபோது பெட்டியைச் சுற்றி ஒரே கூச்சல். "ஆப்பரேட்டர்! உன் பொட்டி சூப்பர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாளாகக் காத்திருந்த சொல்!

"நான் சொல்லல? புட்ச்சி இழுத்தா வரும்னு!"

"நீ ஆடு ஆப்பரேட்டர்!" என்று அவரை முன்னால் தள்ளினார்கள்.

மலை வந்தது. அருள்நாதன் இழுத்தார். விமானம் நேராகத் தரையில் குத்தியது. மறுபடி ஆடினார், மறுபடி குத்தியது. திடலே சிரித்தது.

"ஆப்பரேட்டருக்கே ஓட்டத் தெர்ல டோய்!"

அவர் லீவரை விடாமல் நின்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நீயா?"

"நாந்தான். பாக்க சகிக்கல."

"ஆயுசு பூரா இழுத்த கை இது. ரெண்டு ஒயர்ல இல்லாம பண்ட்டியேடி."

இருதயம்மாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் கூட்டம் நெருக்கியது. ஒரு ஸ்டூலை இழுத்து ஓரமாகப் போட்டாள்.

"குந்து. லைனு கலையுது, அத்தப் பாரு."

ஆப்பரேட்டர் குந்தினார். லைனைப் பார்த்துக்கொண்டார்.