காபீன் எங்கே?

என் தங்கை பாலேஸ்வரி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் குப்பி விளக்கில் படித்து, உயர்தரப் பரீட்சையில் இரசாயனத்துக்கு ஏ எடுத்தாள். கொழும்பில் முதலாம் வகுப்பில் சிறப்புப் பட்டம். இரண்டு தரம் விசா மறுத்த நாடு மூன்றாம் தரம் அவளைக் கூப்பிட்டு டொக்டர் பட்டமும் கொடுத்தது. அவள் செய்த இரசாயன ஊக்கி ஒன்று இன்று மருந்து தயாரிக்கிறவர்களுக்குப் பயன்படுகிறது. எங்கள் பரம்பரையில் ஆய்வுகூடத்துக்குள் கால் வைத்தவர் வேறு எவரும் இல்லை.

இதில் பாதி கிடைக்காமலே போயிருக்கும்.

1998இல் நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் இருந்தோம். பத்தாம் வகுப்போடு நின்ற நான் தையல் தைத்தேன். அவள் ஆராய்ச்சி மாணவி. படியில் காலடி கேட்டால், யன்னல் சீலையை விலக்கிப் பார்க்காமல் கதவு திறக்கமாட்டேன். அயலாரும் எங்களை அதே சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

அவளுடைய ஆராய்ச்சி காபீன் பற்றியது. எனக்கு விளங்கச் சொல்லித் தந்திருக்கிறாள். வழக்கமாகக் காபன் அணுவுக்கு நாலு கை. காபீனில் இரண்டு கைகளே மற்ற அணுக்களைப் பிடித்திருக்கும். தனியே விட்டால் கண்டதையெல்லாம் பற்றிக் குலைந்துபோகும். ஓர் உலோகத்தோடு சேர்த்தால் அடங்கி நிற்கும், உலோகத்துக்கும் அது பலம். அந்தச் சோடி வேறு இரண்டு பொருள்களை ஒட்டிவைத்துவிட்டு, தான் அழியாமல் அடுத்த வேலைக்குப் போகும். அவள் எடுத்த உலோகம் பலேடியம்.

தொலைபேசி கீழ்வீட்டு ஹமீமாவிடம்தான் இருந்தது. ஒருநாள் பின்னேரம் பாலேஸ்வரி அங்கிருந்து தன் ஆய்வுகூடச் சிநேகிதிக்குச் சத்தமாகச் சொன்னாள்: "காபீன் ரெடி. பலேடியம் வந்தால் நாளைக்கே அடிச்சுப் பாப்பம்." படியில் நின்ற நான், ஹமீமா வீட்டு உள்ளறைத் திரை அசைவதைக் கண்டேன்.

அடுத்த கிழமை பொலிஸ் வந்தது. தையல் மெசினுக்குக் கீழேயும் அரிசி வாளிக்குள்ளேயும் தேடினார்கள். பிறகு அதிகாரி அரைகுறைத் தமிழில் காபீன் எங்கே என்று கேட்டார். தன் வேலையைப் பற்றி ஒருவர் கேட்கிறாரே என்ற மகிழ்ச்சியில் அவள் சொன்னாள்:

"லாபில, பிரிட்ஜுக்குள்ள. நான்தான் செய்தனான். இப்ப மூண்டு வகை இருக்கு."

அப்படியே எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். கார்பைன் என்கிற குட்டைக் குழல் துப்பாக்கிக்கும் அவர்கள் வாயில் காபீன் என்றே பெயர் என்பது நிலையத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இது வேறு, துவக்கில்லை என்று அவள் எவ்வளவு சொல்லியும் அவர்களுக்கு ஏறவில்லை. சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்தை நீட்டி, கையெழுத்து வைத்தால் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றார் அதிகாரி. வைத்துவிடு என்று நானும் கெஞ்சினேன்.

"வாசிக்கத் தெரியாததில நான் வைக்கமாட்டன், அக்கா."

அப்போது ஹமீமா நிலைய வாசலில் வந்து நின்றாள். கூப்பிடாமலே ஏன் வந்தாள் என்று எனக்கு ஐயம். அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ கதைத்து, தாளை வாங்கிப் படித்தாள்.

"நீங்க துவக்கு செஞ்சு ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு எழுதீக்கு, தங்கச்சி."

கையெழுத்து வைத்திருந்தால் என் தங்கை வீட்டுக்கா போயிருப்பாள்?

தன் பேராசிரியரைக் கூப்பிடச் சொன்னாள் பாலேஸ்வரி. ஹமீமா போய்த் தொலைபேசி எடுத்தாள். தெஹிவளையிலிருந்து வந்த அந்தச் சிங்களப் பெரியவர் பொலிஸாரைக் கூட்டிக்கொண்டு போய் ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டினார். மூன்று சிறு போத்தல்களில் மஞ்சள் தூள். திரும்பி வந்த அதிகாரி சிரிக்கவில்லை. துவக்குக்குப் பெயர் வைக்கிறவர்களும் நீங்களும் முன்கூட்டியே பேசிக்கொள்ளக் கூடாதா என்று பேராசிரியரைக் கேட்டார்.

புது வாக்குமூலம் எழுதப்பட்டது. ஹமீமா அதை இரண்டு தரம் எங்களுக்கு வாசித்தாள். சரியாகத்தான் வாசிக்கிறாளா என்று நான் அவள் முகத்தையும் பேராசிரியர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பேராசிரியர் தலையாட்டினார். தகவல் கொடுத்தது யாரென்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தத் திரையை நான் மறக்கவும் இல்லை.

அதுவரை கையெழுத்து என்றால் இரண்டு எழுத்தைக் கிறுக்கி ஒரு கோடு இழுப்பதே பாலேஸ்வரியின் வழக்கம். அந்தத் தாளில் மட்டும், பிறகு எவரும் ஒரு சொல்லைச் சேர்க்க இடம் விடாமல், கடைசி வரியோடு ஒட்டி, சிவக்கொழுந்து பாலேஸ்வரி என்று தமிழில் நிறுத்தி எழுதினாள். அவள் தன் பெயரை முழுதாகக் கையெழுத்திட்ட முதல் நாள் 1998 மார்ச் 19, வியாழக்கிழமை.