எங்கள் பட்டாணியைத் தின்ற நீல்காய்

பட்டாணிக் கொடி ஒடிந்தால் லேசான இனிப்போடு ஒரு பச்சை வாசனை வரும். தில்லியின் ஜனவரிப் பனிமூட்டத்தில் அந்த வாசனை மேலே போக வழியில்லாமல் தரையோடு தரையாகக் கிடக்கும். அன்று காலை பின்கதவைத் திறந்ததும் அதுதான் முகத்தில் வந்து மோதியது, அடுத்த நொடியே அம்மாவின் "சவம்!" கேட்டது. இரண்டு பாத்திப் பட்டாணியும் சாண் உயரத்துக்கு மொட்டையாக நின்றன.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதினொரு வயது. அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. மோதி பாக்கைத் தாண்டி, ரிட்ஜ் என்கிற குன்றுக் காட்டை ஒட்டியிருந்த கடைசி வரிசைக் "கோட்டர்ஸ்" எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கீழ்த்தளம் என்பதால் பின்னால் காட்டுச் சுவர் வரைக்கும் ஒரு துண்டு நிலமும் கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கம் ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்த அம்மா, அந்தத் துண்டு நிலத்தில் மேத்தி என்கிற வெந்தயக்கீரையும் முள்ளங்கியும் போட்டிருந்தாள். பட்டாணி மட்டும் என் பொறுப்பு. ஒவ்வொரு விதையையும் நானே ஊன்றினேன், நானே குச்சி நட்டேன், ஆளுக்கு ஒரு பை கொண்டுவருவதாக வகுப்பு முழுக்க ஜம்பமும் அடித்திருந்தேன்.

முதலில் பால்காரரின் எருமை மேல் சந்தேகம் விழுந்தது. அவர் தன் எருமை தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தார். காலனித் தோட்டக்காரர்தான் குளம்புத் தடத்தைக் குனிந்து பார்த்து, "நீல்காய் ஹை, பீபீஜி" என்றார்.

"காயா? காய் எப்படிக் காயைத் திங்கும்?" என்றாள் அம்மா.

கழுதை உயரத்துக்கு மேல் வளர்கிற காட்டு மான் அது, ஆண் நீலச்சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று விளக்கிய தோட்டக்காரர், பெயரிலேயே "காய்", அதாவது பசு இருப்பதால் அதை அடிக்கக்கூடாது என்றும் கைகூப்பிச் சொன்னார். அந்த வார்த்தை வரிசை முழுக்கப் பரவி, அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு ரொட்டியைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள். எங்கள் பாத்தியை மேய்கிற பிராணிக்கு ரொட்டி வேறு!

அப்பாவிடம் சொன்னால், "பார்ப்போம், ஒரு மனு எழுதிப் போடுவோம்" என்றார். யாருக்கு மனு என்று அம்மா கேட்டதற்கு, அதையும் பார்ப்போம் என்றார்.

மாடி வீட்டில் சுபேதார் மாமா இருந்தார். வேலூர்க்காரர், ராணுவத்தில் ஓய்வு பெற்று மகன் வீட்டில் தங்கியிருந்தவர். இமயமலை அடிவாரத்துத் தராய்க் காடுகளில் மான் வேட்டையாடிய கதைகளையும் உறையில் போட்ட ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியையும் பத்திரமாக வைத்திருந்தார். வேட்டைக்குத் தடை வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அந்தத் தடை தனக்கு மட்டும் போட்டது என்பதுபோல அவருக்கு அதன் மேல் தனிக் கோபம். "ஆண் மான் கூட்டத்தோடதான் வரும், விடியக்காலம்தான் வரும், மத்தியானத்துல தலைகாட்டவே காட்டாது" என்று மாடிப்படியில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்வார். அவர் சொன்னபடி விடியற்காலையில் தகர டப்பாவைத் தட்டினோம், முள் வெட்டிப் போட்டோம், அப்பாவின் பழைய கோட்டைக் கம்பில் மாட்டி ஆள்போல நிறுத்தினோம். நீல்காய் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றே முள்ளங்கி இலையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

அப்புறம்தான் அம்மா யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். குளிர்கால மத்தியானங்களில் வரிசைப் பெண்களெல்லாம் முன்புறப் புல்வெளியில் வெயில் காய்ந்தபடி ஸ்வெட்டர் பின்னுவார்கள். அம்மா மட்டும் அடுப்படி ஜன்னல் ஓரத்தில், கையில் அரிசி முறத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளி விடுமுறையென்றால் நானும் கூட. நாலாவது நாள் அது வந்தது. கழுத்தில் வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே ஒரு கொத்து முடி, தலையில் விரல் நீளக் கொம்புகள். தனியாக வந்தது. சுவர் இடிந்திருந்த இடத்தில் நின்று வெகுநேரம் மூக்கை உயர்த்திப் பார்த்தது, பிறகு பின்னங்காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தது. தோளில் ஆறாத காயம். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"கூடுத காலம் முடிஞ்சிருக்கு" என்றாள் அம்மா மெதுவாக. "எங்க வீட்டுக் கெடாவும் இப்படித்தான். மாசக்கணக்குல தீனி எடுக்காம மத்த கெடாவோட முட்டிக்கிட்டுக் கெடக்கும். எல்லாம் ஓய்ஞ்ச பெறவுதான் அதுக்குப் பசியே தெரியும்."

பத்து நாளில் அதன் ஒழுங்கு முழுவதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பனி கடுமையான நாட்களில் காலையில் அசையாது, வெயில் ஏறியதும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வரும். இடிந்த சுவர் வழியாக மட்டுமே வரும். சுவரோரத்தில் ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும். காற்று வீட்டிலிருந்து காட்டுப் பக்கம் வீசினால் அன்றைக்கு வராது. இவ்வளவும் தெரிந்துகொண்டு அவள் செய்தது என்ன? அது வருகிற நேரத்துக்கு வாசலில் நின்று கத்துவாள், அது இரண்டடி பின்வாங்கும், அவள் குழம்பைக் கிளற உள்ளே போவாள், அது மறுபடி வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பத் துளிர்த்த பட்டாணியும் மூன்று முறை மொட்டையாகிவிட்டது. வகுப்பில் "பட்டாணி எங்கே?" என்று கேட்காத ஆள் இல்லை.

சுபேதார் மாமா ஒருநாள் வந்து, இதற்கு ஒரே வழிதான், ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுகிறேன் என்றார். அப்பாவின் முகம் வெளுத்தது. "சார், நான் கவர்மெண்ட் வேலையில இருக்கேன். தெரிஞ்சா சஸ்பென்ஷன்" என்றார். மாமா அவரைத் திரும்பியே பார்க்காமல், "ஏம்மா தங்கச்சி, அது எப்போ, எந்தப் பக்கமா வருது?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா கண்ணிமைக்காமல், "விடியக்காலம், தண்ணித் தொட்டிப் பக்கம்" என்றாள்.

ஞாயிறு விடியலில் மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டியருகே நாலு மணி நேரம் படுத்துக்கிடந்தார். ஜலதோஷம்தான் மிச்சம். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாடியேறும்போது படியில் நான் மட்டும் இருந்தேன். "ஏன் பாப்பா, நெஜமாவே அங்கதான் வருதா?" என்று கேட்டார். என் மொட்டைப் பாத்தி கண் முன்னால் நின்றது. "மத்தியானம் வரும் மாமா. இடிஞ்ச சுவர் வழியா" என்றேன்.

அன்றைக்கே, சாப்பாட்டு நேரத்தில், மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் குழல் தெரிந்தது. முதலில் பார்த்தவள் நான். கத்த வேண்டும் என்று தோன்றியது, பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீல்காய் இடைவெளியில் நின்று மூக்கை உயர்த்தியது, காலை இழுத்து உள்ளே வந்தது, மேத்திப் பாத்தியில் தலையைக் குனிந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மேலே பார்த்தாள். அப்புறம் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே தோட்டத்துக்கு நடந்து, நீல்காய்க்கும் மாடிக்கும் நடுவில் நின்று, அப்பாவின் வேட்டியை உதறினாள்.

"தள்ளிப் போம்மா! இன்னாம்மா இது!" மேலிருந்து மாமா கத்தினார்.

"துணி காயப் போடுதேன். கண்ணு தெரியலையா?" என்று சொல்லி வாளியைத் தரையில் ஓங்கி வைத்தாள். அந்தச் சத்தத்தில் நீல்காய் துள்ளித் திரும்பி, மிச்சமிருந்த முள்ளங்கியை எல்லாம் மிதித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது.

"தெனமும் அதைத் திட்டுதவ நீதான?" என்றார் அப்பா, உள்ளே வந்தவளிடம்.

"வெரட்டணும்னு சொன்னேன். காலு ஒடிஞ்சு பசிக்கு வருதத ஒளிஞ்சிருந்து சுடுததுக்கு ஒரு சுபேதாரு வேணுமாக்கும்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, மத்தியானம்னு அவருகிட்ட யாரு சொன்னா?"

"தெரியாது" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வா, மேத்தி வெதைக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அந்த நீல்காய் அதற்குப் பிறகும் மூன்று முறை வந்து மேத்தியையும் முடித்துவிட்டு, ஹோலி வெயில் தொடங்கியதும் வராமல் நின்றுபோனது. சுபேதார் மாமா மகனுக்கு மாற்றலாகும்வரை அம்மாவிடம் பேசவே இல்லை.

அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. அந்தக் கடைசி வரிசையை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, போன குளிர்காலத்தில் போய்ப் பார்த்தேன். பதினான்கு மாடிகள், தரையெல்லாம் சிமெண்ட், காட்டுச் சுவர் இருந்த இடத்தில் கார் நிறுத்தம். மண் என்று தொட்டுப் பார்க்க ஒரு பூந்தொட்டிதான் இருந்தது. வாசலில் காவலுக்கு நின்ற பையனிடம், "தம்பி, இங்கே நீல்காய் வருமா?" என்று இந்தியில் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மேடம், இங்கே நாய்கூட பாஸ் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரும்" என்று சொல்லிவிட்டு, யார் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னான்.