அப்புறம் சாரும் மில் பஸ்ஸும்

பேகம்பூரில் போய் இஷாக் சார் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. 'அப்புறம் சார்' வீடு என்று கேளுங்கள், கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து வழி காட்டுவார். காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுத்த மனுசன். படிக்க ஆள் சேராமல் அந்தப் பிரிவையே மூடினார்கள், மிச்ச சர்வீஸை நூலகத்தில் ஓட்டி ரிட்டயர் ஆனார். பிரிவை மூடினார்களே தவிர அவர் வாயை யாராலும் மூட முடியவில்லை. எவன் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "சரிப்பா, நம்புற. நம்பிட்டு, அப்புறம் என்ன செய்வ?"

இது அவர் சொந்தச் சரக்கு இல்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் அமெரிக்காவில் சில பேர் கூடிப் பேசி உண்டாக்கிய பிராக்மட்டிசம் என்கிற தத்துவம். சார் அதை டீக்கடை பாஷையில் சொல்வார். ஒருத்தன் எதை நம்புகிறான் என்று அவன் வாயைப் பார்க்காதே, காலைப் பார். மழை வரும் என்று நம்புகிறவன் குடையை எடுப்பான். எடுக்கவில்லையா, அவன் சும்மா சொல்கிறான். ஒரு நினைப்பு நிஜமா பொய்யா என்பதும் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது, அதை நம்பி நடந்து பார்த்தால்தான் தெரியும்.

மோகன்குமார் என்றொரு மாணவன் ஒருநாள் கேட்டான்: "அப்ப மனசுக்கு ஆறுதலா இருக்கறதெல்லாம் நிஜம்தானே சார்?"

சாருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "அம்புட்டு சல்லிசா விட்டுருவாங்களாக்கும்? இன்னைக்கு ஆறுதலா இருந்தா பத்தாது. நாளைக்கு அதுமேல காலை வச்சா தாங்கணும். நாளன்னைக்கும் தாங்கணும். உனக்கு மட்டுமில்லப்பா, பக்கத்துல நிக்கிறவனுக்கும் தாங்கணும்."

ஆளுக்கொரு போன் வந்த பிறகு சாருக்கு வேலை கூடிப்போனது. கொரோனா சமயத்தில், கற்பூரத்தை மோந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸப்பில் வந்ததை முக்கில் டீக்கடை வைத்திருக்கும் அய்யனார் காட்டினார். "எனக்குப் பிடிச்சிருக்கு, அதனால நிஜம்னு ஊரே சொல்ல ஆரம்பிச்சிருச்சு அய்யனாரு," என்றார் சார். "மூச்சு முட்டுறவன் இதை நம்பி வீட்டுல கிடந்தான்னு வையி, அப்புறம் என்ன? நீயே சொல்லு." அய்யனார் அந்தச் செய்தியை அழித்துவிட்டார்.

அந்தக் கொரோனா வருசம் மே மாதத்திலேயே சாருடைய மகன் ஃபயாஸ் போய்விட்டான். நேரத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான், பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்தார்கள், என்னத்தைச் சொல்ல, போய்விட்டான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மையித்தை, பிள்ளையின் உடலை, வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. பையில் சுற்றி, ஜமாஅத் பையன்கள் கவச உடை மாட்டிக்கொண்டு நேரே கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். பெற்ற தாய் நஜ்முன்னிசா கடைசி முகம் பார்க்கவில்லை. நடுவீட்டில் கிடத்தி, முகம் பார்த்து, விழுந்து புரண்டு அழுதால்தானே ஒரு சாவு மனசுக்குள் இறங்கும்? அந்தப் பாவி மகளுக்கு அது கிடைக்கவில்லை. சார் கபருக்கு மண் அள்ளிப் போட்டுவிட்டு வந்தார். அழவில்லை. குளித்துவிட்டு உட்கார்ந்து, சொந்தக்காரர் ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டுச் சொன்னார்.

ரெண்டு வருசம் கழித்து நஜ்முன்னிசாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு அடுப்பு, பிறகு சொந்தக்காரர் பெயர்கள். மூளை சுருங்குகிறது, மருந்து பெரிசாகக் கேட்காது என்றார் டாக்டர். புதுசாக நடந்தவை எல்லாம் அழிந்துபோக, பழைய பழக்கம் மட்டும் நின்றது. சாயங்காலம் ஃபயாஸ் வேலைவிட்டு வரும் மில் பஸ் நேரத்துக்கு எழுந்து அடுப்படிக்குப் போவாள். "என்னங்க, ஃபயாஸ் இன்னும் வரலையா? வெஞ்சனம் ஆறிப்போகுது."

முதல் நாள் சார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். நஜ்முன்னிசா வீறிட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. மறுநாள் அதே நேரம், அதே கேள்வி. மறுபடியும் சொன்னார். அவளுக்கு அது நேற்றைய சேதி இல்லை, அன்றைக்குத்தான் முதல்தடவை. தினம் ஒரு மவுத்து, தினம் ஒரு சாவு விழும் வீடாகிப்போனது அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாயங்காலமானால் சன்னலைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

எரியோட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் முஹ்சினா பார்க்க வந்தவள், ஒரு சாயங்காலம் இதைக் கண்ணால் கண்டாள். கொதித்துப்போனாள்.

"ஏன் அத்தா அம்மாவ இப்படிப் போட்டு வதைக்கிறீங்க?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஊருக்கெல்லாம் கேப்பீங்களே, அப்புறம் என்ன, அப்புறம் என்னன்னு. நீங்க சொன்ன நிஜத்தை வச்சுக்கிட்டு அம்மா அப்புறம் என்ன செஞ்சுச்சு? அழுதுச்சு, மறந்துச்சு. வேற என்ன நடந்துச்சு இந்த வீட்டுல?"

அறுபது வயசுக்கு மேல் தன் கேள்வியே தன் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது! மறுநாள் சாயங்காலம் நஜ்முன்னிசா கேட்டபோது, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வந்துருவான் நஜ்மு. பஸ் லேட்டு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டே ஆணக் குழம்பைச் சுடவைத்தாள். எத்தனையோ மாதம் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள். சாருக்குச் சந்தோசமும் வெட்கமும் ஒன்றாக வந்தது. மோகன்குமாரை அன்றைக்கு அம்புட்டுத் திட்டியிருக்க வேண்டாமோ என்றுகூட நினைத்தார்.

கொஞ்ச நாள் அப்படியே நன்றாகப் போனது. அப்புறம் நஜ்முன்னிசா, பிள்ளை வராமல் சாப்பிட மாட்டேன் என்றாள். அப்புறம் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தானே பஸ் நிற்கும் முக்குக்குக் கிளம்பிவிட்டாள், லாரி ஒன்று உரசிக்கொண்டு போகும்போது அய்யனார்தான் ஓடிவந்து இழுத்துப் பிடித்தார். நாளைக்குக் காலை வைத்தால் தாங்குமா என்று மாணவனைக் கேட்டவர்தானே சார்? தாங்கவில்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை, நொந்துபோனார் மனுசன்.

அதனால் அவரும் கூடப் போனார். தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் அய்யனார் கடை பெஞ்சில் உட்காருவார்கள். மில் பஸ் வந்து நிற்கும். தலையில் பஞ்சு ஒட்டிய பிள்ளைகள் இறங்குவார்கள். நஜ்முன்னிசா ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். "அடுத்த பஸ்ல வருவான் போல," என்று சார் சொல்வார், வீட்டுக்கு வந்து ஒரு வாய் ஊட்டிவிடுவார். நோன்புப் பெருநாளுக்கு அவள் ஃபயாஸுக்குச் சட்டை எடுக்கச் சொன்னாள். கடையில் சார் அளவு சொல்லி, "அடிக்கிற கலரு வேணாம்ப்பா, அவன் போட மாட்டான்," என்று மூன்று சட்டையைத் திருப்பிக் கொடுத்து நாலாவதை வாங்கி வந்தார். அந்தப் பையைப் பார்த்த அய்யனார் ரெண்டு டீ போட்டு நீட்டினார்.

போன ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. பஸ் வரவில்லை. மற்ற வண்டியெல்லாம் போய்விட்டன, மில் பஸ்ஸை மட்டும் காணோம். சார் எழுந்து ரோட்டை எட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார்.

"இம்புட்டு நேரம் ஆகாதே. செத்த இரு, போன் போட்டுப் பாக்கறேன்."

"யாருக்குங்க?" என்றாள் நஜ்முன்னிசா.

"யாருக்கு? ஃபயாஸுக்குத்தான். மழையில எங்க நிக்கிறானோ."

சொல்லிக்கொண்டே போனில் பெயரைத் தேடினார். நஜ்முன்னிசா அவர் கையைப் பிடித்தாள். அவள் கண் அன்றைக்குப் பழைய கண்ணாக இருந்தது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பார்த்த அதே கண்.

"என்னங்க இது? ஃபயாஸ்தான் மவுத்தாயிட்டானே. நீங்கதானே மண்ணு போட்டுட்டு வந்து சொன்னீங்க. மறந்துட்டீங்களா?"

அத்தனை சாயங்காலம் அதைத் தன் வாயால் சொன்னவர் அவர். சொன்னாரே ஒழிய ஒருநாளும் தன் காதால் கேட்டதில்லை. இப்போதுதான் கேட்டார். போன் கை நழுவி ஈரத்தில் விழுந்தது. பெஞ்சிலிருந்து அப்படியே தரையில் சரிந்து, "யா அல்லாஹ், என் புள்ளை போயிட்டானே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அய்யனார் அடுப்பைத் தணித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நஜ்முன்னிசா குனிந்து துப்பட்டியால் அவர் முகத்தைத் துடைத்தாள். "அழாதீங்க. அவன் நம்மளைவிட நல்ல இடத்துல இருக்கான். அழாதீங்க."

அவர் அழுது ஓயுமுன்னே முக்கில் வெளிச்சம் திரும்பியது. மில் பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது.

நஜ்முன்னிசா அவர் தோளைத் தட்டினாள். "எந்திரிங்க, எந்திரிங்க. பஸ் வந்துருச்சு. ஃபயாஸ் இறங்குறானான்னு பாருங்க."

இஷாக் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவள் கையைப் பிடித்தபடி, கடைசிப் பையன் இறங்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.