ஹேண்டில்பாரில் ஓர் அம்புக்குறி

மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. செஞ்சியில் குடியிருந்துகொண்டு சுற்றுப்பட்ட ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். பின்சீட்டில் உறைந்த விந்து வைத்திருக்கும் நைட்ரஜன் கேனைக் கட்டியிருப்பேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஊர்களில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்து விட்டுவிட்டேன்.

வல்லம் பக்கமும் தொண்டூர் பக்கமும் நான் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. எந்த வீட்டில் எந்த மாடு என்பது வரைக்கும் தெரியும். அவலூர்பேட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் அதுவும் என் தலையில் விழுந்தது. கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அந்தப் பக்கம் பாதிப் பேர் ஊருக்குள் இல்லாமல் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள். போனில் வழி கேட்டால், "ஏரிக்கரை ஏறி இறங்குங்க, டிரான்ஸ்பார்மர் வரும், அதாண்ட நீல டேங்க் இருக்குது, திரும்பிடுங்க" என்பார்கள். எல்லார் வீட்டு மாடியிலும் நீல டேங்க்தான். லொகேஷன் அனுப்பச் சொன்னால் சிக்னல் கிடைக்கிற டீக்கடையில் நின்று அனுப்புவார்கள். நான் டீக்கடைக்குப் போய்ச் சேருவேன்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டி வைத்து அதில் மேப் பார்த்து ஓட்டினேன். ஒரு கால் வந்தால் மேப் மறைந்துவிடும். எனக்கோ நாளெல்லாம் கால். சித்திரை வெயிலில் போன் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். ஓரமாக நிறுத்தி, புளியமர நிழலில் அதைச் சட்டையால் விசிறிக்கொண்டு நிற்பேன். அப்படி நிற்கும்போது வருகிற சோர்வு வேலையால் வருகிற சோர்வு அல்ல. அம்பது வயதுக்கு மேல் எதற்கு இதெல்லாம் என்று இருக்கும்.

அப்படி ஒரு நாள்தான் ஓர் அம்மாவின் மாட்டைத் தவறவிட்டேன். அவலூர்பேட்டைக்கு அப்பால் இருந்து முதல் நாள் சாயங்காலம் போன் செய்திருந்தார். மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்துவிட்டது, கறவை நின்றுபோனது, ஒரே மாடு. மறுநாள் காலையிலேயே போட்டாக வேண்டும். நான் போன் அணைந்து, தவறான ஏரிக்கரையில் ஏறி, யார் யாரையோ விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மாடு அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கை விட்டுப் பார்த்தேன். பருவம் போய்விட்டது.

"காலைலேர்ந்து மேய்ச்சலுக்குக்கூட ஓட்டல சார். நீங்க வந்துடுவீங்கன்னு இங்கயே கட்டி வச்சிருந்தேன்" என்றார். நாற்பது வயது இருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலை.

"வழி தப்பிட்டேம்மா."

"அப்ப இன்னும் இருவத்தோரு நாளா?"

ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலில் சென்னையிலிருந்து வந்த பெரிய பெரிய பைக்குகள் நின்றிருந்தன. ஒவ்வொன்றின் ஹேண்டில்பாரிலும் தனியாக ஒரு மேப் கருவி. வண்டியை நிறுத்தி ஒரு இளைஞரிடம் கேட்டேன், போன் இருக்கும்போது இது எதற்கு என்று.

"ஹேண்டில்பார் அதிர்ற அதிர்வுல போன் கேமரா போயிடும்ணா. உங்க போன்ல போட்டோ தெளிவா விழுதா?" என்றார்.

விழவில்லை. ஆறு மாதமாகக் கன்றுக்குட்டி போட்டோவெல்லாம் புகை மூட்டமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. கண்ணில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னதற்கு என் மனைவி, "இத்தினி வருசமா சுத்துற ஆளுக்கு வழி காட்ட மிஷினா?" என்றாள். பிறகு அந்த அம்மாவின் மாட்டுக் கதையைச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடித்து வைத்தாள். "நானும் வரேன். நீ போனா கடைக்காரன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்துடுவ."

பாண்டிச்சேரியில் பைக் சாமான்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். ஏசி அறை. கண்ணாடி மேசையின் மேல் மூன்று கருவிகளை எடுத்து வைத்தார் கடைக்காரர். முதலாவது உள்ளங்கையைவிடப் பெரிய கலர் திரை, வளைவுக்கு வளைவு பேசும், மழை நனைத்தாலும் ஒன்றும் ஆகாது, விலை என் வண்டியை விற்றால் வரும். இரண்டாவது அதேபோல் தெரிந்தது, விலை குறைவு, ஆனால் போனோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். அதாவது பழையபடி போன்தான். மூன்றாவது கறுப்பு வெள்ளைத் திரையும் ஐந்தாறு பட்டன்களும் வைத்த ஒரு தடித்த சாமான். மலையேறப் போகிறவர்கள் வாங்குவதாம். பேசாது. நின்ற இடத்தைப் பதிந்து வைத்துக்கொண்டால், மறுபடி அங்கே போகத் திசையையும் தூரத்தையும் காட்டும், அவ்வளவுதான்.

எனக்கு முதலாவதின் மேல்தான் கண். கடைக்காரரும் அதையே புகழ்ந்தார். நான் தலையாட்ட ஆரம்பித்திருந்தேன்.

"இத வெளிய எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாமா?" என்றாள் மனைவி.

"வெளியவா?"

"இவரு ஏசி ரூம்லயா வண்டி ஓட்டப்போறாரு?"

மூன்றையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தோம். உச்சி வெயில். கலர் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது, மேப்பைக் காணோம். வெளிச்சத்தைக் கூட்டினார் கடைக்காரர். ஏதோ லேசாகத் தெரிந்தது. மூன்றாவது மட்டும் வெயில் பட்டதும் பேப்பரில் அச்சடித்ததுபோல் பளிச்சென்று தெரிந்தது. என் கையுறையை எடுத்து நீட்டினாள். போட்டுக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். கலர் திரை அசையவில்லை. பட்டன் அமுங்கியது.

"இது ஆஃப் ஆயிட்டா?"

"ரெண்டு பேட்டரி மாத்தினா போதும்மா. பொட்டிக் கடையிலயே கிடைக்கும்."

"அப்ப இதையே குடுங்க" என்றாள். என்னைக் கேட்கவே இல்லை. எனக்கும் அதில் ஒரு நிம்மதி. தேர்ந்தெடுக்கும் தெம்புகூட அன்று என்னிடம் இல்லை.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. பதிய வேண்டுமானால் முதலில் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். மறுநாள் வேலை எல்லாம் முடிந்த பிறகு, வலிக்கிற இடுப்போடு அந்த அம்மா வீட்டுக்கு மறுபடி விசாரித்து விசாரித்துப் போனேன். களத்தில் மணிலாக்கொட்டை காயப் போட்டிருந்தார்.

"மாடு கத்தலியே சார். இன்னாத்துக்கு வந்தீங்க?"

"வழியைப் பதியறதுக்கும்மா."

தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்று பட்டனை அமுக்கினேன். பெயர் கேட்டது. அதில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தைத் தேடித் தேடிச் 'செவலை' என்று அடித்தேன். அவர் எட்டிப் பார்த்தார். "என் பேர் இல்லியா? மாட்டுப் பேரா?"

"மாடுதானம்மா கூப்புடுது."

அவர் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அன்றுதான் உட்கார்ந்து டீ குடித்தேன்.

மாட்டைத் தவறவிட்ட நாளிலிருந்து சரியாக இருபதாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். செவலையைத் தேர்ந்தெடுத்ததும் அம்பு நேராகக் கோட்டை மலையைக் காட்டியது. அதற்கென்ன, பறந்து போகிறவர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. ரோட்டில் போகப் போக அம்பு திரும்பிக்கொண்டே வந்தது. தூரம் குறைகிறதா என்று மட்டும் பார்த்தேன். வழியில் மூன்று கால் வந்தது, பேசினேன், அம்பு மறையவில்லை. ஏரிக்கரையில் எந்தப் பிரிவு என்று குழம்பியபோது ஒன்றில் பத்தடி போய்ப் பார்த்தேன். தூரம் ஏறியது. திரும்பி மற்றதில் இறங்கினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டேன். நேரம் சரியாக இருந்தது, மாடு நன்றாக நின்றது. ஆனாலும் சினை பிடிக்கவில்லை. மூன்று வாரத்தில் மறுபடி கத்தியது. இதில் யாரைக் குறை சொல்வது? வெயில் காலத்தில் அப்படித்தான் ஆகும். மறுபடி போனேன், மறுபடி போட்டேன். திரும்பி வரும்போது சாரல் அடித்தது. கருவியை மூடவும் தோன்றாமல் நனைந்துகொண்டே வந்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் நாலு நாள் காய்ச்சல்.

இதற்கிடையில் போகிற வீட்டிலெல்லாம் பட்டனை அமுக்கினேன். கொம்பு ஒடிந்தது, மயிலை, உதைக்கிறது, வாசலில் நாய் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. மனைவி ஒருநாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல மனுசங்களே இல்லியா?" என்றாள்.

புரட்டாசியில் செவலையைச் சோதிக்கப் போனேன். கையை உள்ளே விட்டு மெதுவாகத் தேடினேன். அந்த அம்மா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். விரலுக்குத் தட்டுப்பட்டது. இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"சினை நின்னுடுச்சும்மா. மூணு மாசம் ஆவுது."

அவர் மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற வரப்பு மேட்டுக்குப் போய்ப் பெங்களூருக்குப் பேசினார். "ஆங், இப்பத்தான் பாத்தாரு... நெசமாத்தான்" என்பது எனக்குக் கேட்டது. நான் மோட்டார் கொட்டகையில் தண்ணீர் திறந்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் பேசி முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் கையை அதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.