தெரிந்தே குடித்த விஷம்

மலேசியாவின் கிள்ளானில் சொந்தமாக லோரிகள் ஓட்டுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி; ஆனாலும் என்னை எவனும் ஏமாற்றியதில்லை.

ஒரு ஞாயிறன்று, ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டில் மருமகள் என்னையும் சேர்த்தாள். நான் காவல்வீரன், அவள் என்னை அண்ணன் என்று அழைக்கும் திருடி. பானத்தில் விஷம் கலப்பதாக அவள் சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். கதையில் மட்டும் என் வீரன் அங்கே இல்லை.

“குடிங்கண்ணே,” என்று நீட்டினாள். குடித்தால் என் ஆட்டம் முடிந்தது.

“அங்கிள் குடிக்க மாட்டாரு லா, பெரிய கில்லாடி!” என்றான் விளையாட வந்திருந்த அவள் கூட்டாளி.

என் வீரனோ அவளைத் தங்கையாக நம்பியவன். “நீ குடுத்து வேணாம்னு சொல்வேனா?” என்று குடித்தேன்.

“அய்யோ மாமா, தெரிஞ்சே குடிச்சிட்டீங்களே!”

“எனக்குத் தெரியும்மா. அவனுக்குத் தெரியாதே!”

வீடே கைதட்டியது. செத்துப்போன நான்தான் அதிகம் சிரித்தேன். சந்தேகமே இல்லாமல் ஒருவரை நம்புவது மனசுக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது!